அந்தப் பதினொன்று எனக்கு ஞாபகம் இருந்தது

தம்பி,

இதை வேலையிடத்தில் நின்றபடி வாசிக்காதே. வீட்டுக்குப் போய், குசினி மேசையில் இருந்து வாசி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் எழுத வரும். அஞ்சாம் வகுப்போடு என்னை நிற்பாட்டினார்கள். யார் நிற்பாட்டினது, என்ன சொல்லி நிற்பாட்டினது என்று எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நீ என் வீட்டுக்கு வந்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். கடைசியாக வந்த அன்று, "தம்பி, அந்த ரத்தப் பேப்பர்" என்று நான் வாய் திறந்தேன். "அம்மா, தொடங்காதேங்கோ" என்றாய். பல்கணிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கீழே நின்ற கார்களைப் பார்த்தாய். பிறகு உள்ளே வந்து, "எனக்கு நேரமாகுது" என்று சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போனாய். பதினாறு இடியப்பம் மேசையில் அப்படியே கிடந்தது. வாயால் சொல்ல நீ விடவில்லை, அதனால் எழுதுகிறேன். இதைப் பல்கணிக்குக் கொண்டுபோனாலும் இது பேசிக்கொண்டுதான் இருக்கும்.

என் வீடு மூன்றாம் மாடி. ஐம்பத்திநாலு படி. முன்பெல்லாம் நீ ஒரே மூச்சில் ஏறி வருவாய்; மணி அடிக்க முதலே உன் காலடி எனக்குக் கேட்கும். அன்றைக்கும் நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். காலடி இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். நீ சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் திரை கறுப்பாக இருந்தது, தம்பி. மேலே நின்ற எனக்கு அது தெரிந்தது. வெளிச்சம் இல்லாத திரையை ஒருவன் மூச்சு வாங்கத்தான் பார்ப்பான். உன் அப்பாவிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. அவர் அதே இரண்டாம் மாடியில் நின்று, அயலவர்களின் கதவுகளில் இருந்த பெயர்களை வாசிப்பார். அந்தக் கட்டிடத்தில் பதினேழு வருஷம் இருந்த மனிதர், ஒரு மாரிகாலத்தில் திடீரென்று பெயர் வாசிக்கத் தொடங்கினார். "என்னப்பா செய்யிறியள் அதில?" என்று கேட்பேன். "இவையள் புதுசா வந்தவையோ எண்டு பாத்தனான்" என்பார். புதிதாக யாரும் வந்திருக்கவில்லை. நான் அதை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்பினது போல இருந்தேன்.

பேப்பரை எனக்குக் காட்டிக் கொடுத்தது சுகந்தி என்று அவளோடு சண்டை பிடித்தாயாம். அவள் காட்டவில்லை. என் மருமகள் மேல் எனக்கு வேறு கோபங்கள் இருக்கின்றன, அதில் இது சேராது. பங்குனியில் உன் வீட்டுக்கு வந்தபோது ரப்பர் வளையம் தேடி மூன்றாவது லாச்சியை இழுத்தேன். பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு அடியில் மூன்று தாள், நாலாக மடித்துக் கிடந்தது. ஒளிக்கத் தெரியாத பிள்ளை நீ. ஏழாம் வகுப்பில் கணக்குப் பேப்பரையும் இப்படித்தான் செய்தித்தாளுக்கு அடியில் வைத்தாய். எனக்கு ஜெர்மன் வாசிக்க வராது என்று நினைத்திருப்பாய். சி.ஆர்.பி. என்ற மூன்று எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் நான் வாசிப்பேன். கார்த்திகையில் உனக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தையில் அந்த எண் எட்டு. மாசியில் ஏழரை. பங்குனியில் ஒன்பது. வலது பக்கத்தில் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. கடைசித் தாளில் டொக்டர் பேனையால் வட்டம் போட்டு, அடியில் வரச் சொல்லி டெர்மின் என்று எழுதி, நாளும் மணியும் போட்டிருக்கிறார். அந்த நாளில் நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திருத்திக்கொண்டு இருந்தாய். "இண்டைக்கு லீவோ மோனை?" என்று கேட்டேன். "ஓம் அம்மா, சும்மாதான்" என்றாய்.

தையில் கேட்டபோது சளி என்றாய். சளி இருந்ததுதான். மாசியில் பல்லுக் கொதி என்றாய். அதுவும் இருந்தது. பங்குனியில் வேலை கூட என்றாய். இப்போது வைகாசி பிறந்துவிட்டது, "திருவிழா முடியட்டும் அம்மா, பிறகு ஆறுதலாப் போறன்" என்கிறாய். நீ பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஒவ்வொரு எண்ணுக்கும் உன்னிடம் ஒரு உண்மையான காரணம் இருக்கிறது. உன் அப்பாவின் எண்ணுக்கும் ஒரு உண்மையான காரணம் இருந்தது. முதுகில் இருந்தது. எவரும் தொட்டுப் பார்க்கலாம்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் லோண்டரியில் நின்றவள் என்று உனக்குத் தெரியும். அங்கே மூட்டைகள் வரும்போது சிலதின் கழுத்தில் சிவப்பு நாடா இருக்கும். உள்ளே தொற்று இருக்கிறது, கையுறை இல்லாமல் தொடாதே என்று அர்த்தம். என்ன தொற்று, யாருடையது, எந்த வார்டு, ஒன்றும் அதில் இருக்காது. நாடாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு நாள் எங்கள் மேற்பார்வைக்காரி அவசரத்தில் ஒரு மூட்டையின் நாடாவை வெட்டி எறிந்துவிட்டு, "இது பிள்ளைப்பேற்று வார்டில் இருந்து வந்தது, வெறும் ரத்தம்தான்" என்று மற்ற மூட்டைகளோடு தள்ளிவிட்டாள். அவள் சொன்னதும் உண்மைதான். அதில் ரத்தமும் இருந்தது. மூன்று பேருக்குக் கை முழுக்கச் சொறி பிடித்தது. என் இடது மணிக்கட்டில் அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. அவளை நான் மன்னிக்கவில்லை, அவள் ஓய்வு பெற்றபோது கொடுத்த கேக்கையும் சாப்பிடவில்லை. உன் பேப்பரில் வட்டம் போட்ட அந்த எண் அந்த நாடாதான், தம்பி. உடம்புக்குள் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. சளி என்று ஒரு காரணம் கையில் கிடைத்தவுடன் நாடாவை வெட்டி எறிகிறாய் நீ. அதை வெட்டுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை அது என் கையாக இருந்தது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது நீ வேலை விஷயமாக வெளியூரில், கார்ஹிங்கில் இருந்தாய். நீ ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் மட்டும் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்க எனக்கு மொழி இல்லை. தெரிந்த ஒருவனிடம் கேட்டேன். "முருகா, இந்த மனிசனைத் திருப்பித் தா. முதுகில செடில் கொக்கி குத்தி, காவடி எடுத்து, உன்ர வாசலுக்கு அனுப்புறன்" என்று சொன்னேன். முதுகு அவருடையது, நேர்த்தி மட்டும் என்னுடையது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பித் தந்தான். ஆறு கிழமை கழித்து, அப்போது எங்களுக்கு இருந்த கிழட்டு டொக்டர் ரத்தம் எடுத்தார். ஒன்பது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் எடுத்தார். பதினொன்று. அவர் ஒரு தாளில் குழாயும் கம்பி வலையும் கீறிக் காட்டி, எனக்கு விளங்கும் சின்னச் சின்ன ஜெர்மனில் சொன்னார்: ஸ்டென்ட் குழாயைத் திறந்து வைக்கும். குழாய் ஏன் அடைத்தது என்பது வேறு விஷயம். அடைக்க வைத்தது உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டு இருக்கலாம். இந்த எண் இறங்கவில்லை, ஏன் என்று பார்க்க வேண்டும். பல்லு, பல் முரசு, சீனி, கொழுப்பு, சிகரெட். அப்பா கோப்பைகள் கழுவும் உணவகத்தின் பின்பக்கம் நின்று ஒரு நாளைக்கு நாலு சிகரெட் குடிப்பார் என்பதும், பல் துலக்கினால் துப்பல் சிவப்பாக வரும் என்பதும் எனக்குத் தெரிந்தவை. டொக்டர் பல் வைத்தியருக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். அதற்கடுத்த மாதம் அவர் ஓய்வு பெற்று, கிளினிக்கைப் பூட்டினார். பழைய ரத்தத் தாள்களைக் கவரில் போட்டு என் கையில் தந்து, "புது டொக்டரிடம் இதைக் கொடுக்க வேண்டும்" என்றார். நான் அந்தக் கவரைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். திருவிழா வந்துகொண்டிருந்தது. "பல்லைத் திருவிழா முடியப் பாப்பம்" என்றார் அப்பா. நான் ஓம் என்றேன்.

செடில் குத்துவதற்கு நாலு நாள் முன்னால், ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை நிற்பாட்டட்டோ என்று கேட்டார். "எல்லாரும் பாக்க ரத்தம் ஓடினா வடிவில்லை" என்றார். அதை நான் விடவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் அந்தக் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்கள். பெட்டியை நானே கையில் வைத்திருந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டேன். நான் சரியாகச் செய்தது அந்த ஒன்றுதான். கொக்கி ஏறியதும் ரத்தம் நிற்கவில்லை. மற்றவர்களின் முதுகு விபூதியோடு காய்ந்து கிடக்க, உன் அப்பாவின் வேட்டி இடுப்போடு சிவந்தது. சுற்றி நின்றவர்கள் இன்னும் உரத்து அரோகரா சொன்னார்கள். உன் கண்மணி மாமி, அப்பாவின் அக்கா, விபூதியை அள்ளி அள்ளி அமத்தினா. அவர் திரும்பி என்னைத் தேடினார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்துப் புது டொக்டரிடம் போனோம். இளம் பெண். நீ லீவு எடுத்து வந்திருந்தாய். எண் முப்பத்திநாலு. அவள் பயந்துபோய், காய்ச்சலா, காயமா என்று கேட்டாள். நீ கைத்தொலைபேசியில் காவடிப் படத்தைக் காட்டினாய். அவள் படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படத்தைப் பார்த்தாள். "இவ்வளவும் மயக்க மருந்து இல்லாமலா?" என்று கேட்டாளாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டையைக் கழற்றிக் காட்டினார். இரண்டு இடம் சிவந்து வீங்கியிருந்தது. மருந்து தந்தாள், எட்டுக் கிழமையில் வரச் சொன்னாள். எட்டுக் கிழமையில் போனோம். பன்னிரண்டு. முப்பத்திநாலில் இருந்து பன்னிரண்டு. அவள் சிரித்தாள், நீ சிரித்தாய், அப்பா என் தோளில் தட்டினார். ஆனாலும் அவள் கவனமான பிள்ளை. பேனையை வைத்துவிட்டு உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ என்னிடம் திரும்பினாய்.

"அம்மா, காவடிக்கு முந்தி எவ்வளவு இருந்தது எண்டு கேக்கிறா. பழைய பேப்பர் ஏதும் கிடக்கோ? இல்லாட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்தானே?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். உனக்கே அது புதினமாக இருந்தது. ஊரில் எங்கள் கிடுகு வேலியை நாலு விரல் தள்ளிக் கட்டினவனின் சட்டை நிறத்தைக் கூட இன்றைக்கும் சொல்லக்கூடியவள் நான். பிறகு அவளிடம் திரும்பி, அம்மாவுக்கு ஞாபகம் இல்லையாம் என்று சொன்னாய். நல்ல சுத்தமான ஜெர்மனில் சொன்னாய். என் பொய்யை அறியாமல் தூக்கிக்கொண்டு போய் அந்த மேசையில் வைத்தது நீதான். அது உன் பிழை இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கண்மணி மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. முப்பத்தொரு வருஷம் என்னை அஞ்சாம் வகுப்பு என்று பட்டம் தெளித்தவ. நீ பிறந்த அன்று, "தாயின்ர மூளை வராமல் இருந்தாக் காணும்" என்று கட்டிலடியில் நின்று சொன்னவ. அன்றைக்குப் பதினொரு பேர் இருந்த அறையில், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "இவள் வைச்ச நேர்த்தியாலதான் என்ர தம்பி தப்பினவன்" என்றா. அந்த ஒரு வார்த்தையை நான் ஒரு கிழமை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். டொக்டருக்குப் பதினொன்று என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு அந்தக் கதிரையிலேயே விளங்கிவிட்டது. பன்னிரண்டு என்பது இறங்கி வந்த எண் இல்லை. கொக்கி ஏறுமுன் பதினொன்று. கொக்கி ஏற முப்பத்திநாலு. காயம் ஆறப் பன்னிரண்டு. பழைய இடத்துக்குத் திரும்பி, அதைவிட ஒரு படி மேலேயும் நிற்கிறது. காயத்துக்கு அடியில் அது அசையாமல் இருந்திருக்கிறது. நேர்த்தி ஒன்றையும் தொடவில்லை. நான் அதைச் சொன்னால் கண்மணி தந்தது பறிபோய்விடும். அதற்காக வாயை மூடினேன். பெரிய காரணம் ஏதும் இருந்தது என்று நீ நினைக்காதே.

டொக்டரின் கட்டிட லிஃப்டில் இறங்கும்போது அப்பா என் காதோடு கேட்டார். "பதினொண்டு எண்டு நீதானே எனக்குச் சொன்னனீ?"

"அது வேற ஏதோ" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. உன் அப்பா என்னை எதிலும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். முற்றாத காயாகப் பார்த்து ஐந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். திடீரென்று அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விலை கூட என்று நினைத்தேன். பிறகு அரிசி மூட்டையில் இருந்தார். "எனக்கு ஏலாதப்பா" என்றார். அம்புலன்ஸ் எட்டு நிமிஷத்தில் வந்தது. அதற்கு முதலே முடிந்துவிட்டது. செத்தவீட்டில் கண்மணி மாமி நூறு பேருக்கு முன்னால் சொன்னா: "நேர்த்தி சுத்தமாச் செய்யேல்லை. முதுகால ரத்தம் ஓடேக்கையே எனக்குத் தெரியும்." பதினொரு பேருக்கு முன்னால் தந்ததை நூறு பேருக்கு முன்னால் திருப்பி எடுத்தா. அதை வாங்க நான் என்ன கொடுத்தேன் என்று அவவுக்குத் தெரியாது. அவ போய்ச் சேர்ந்து நாலு வருஷம். இன்னும் நான் கோபத்தை விடவில்லை, ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் மேல்தான் என்று இப்போது தெரிகிறது.

எட்டுச் செலவும் அந்தியேட்டிச் சடங்கும் முடிய, நான் தனியே அந்தக் கவரை எடுத்துக்கொண்டு இளம் டொக்டரிடம் போனேன். டெர்மின் இல்லை. இரண்டு மணித்தியாலம் நின்றேன். அவள் ஒன்பதையும் பதினொன்றையும் பார்த்தாள். திகதிகளைப் பார்த்தாள். என் லோண்டரி ஜெர்மனில் கேட்டேன்: இதுதானா அவரைக் கொன்றது? அவள் இல்லை என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. இந்த எண் ஆளைக் கொல்வதில்லை, அம்மா என்றாள். ஸ்டென்டுக்குப் பிறகு இது இறங்காமல் நிற்கிறவர்களுக்கு நோய் திரும்பி வருவது மற்றவர்களைவிடக் கூட என்று நாங்கள் காண்கிறோம். வராமலே இருக்கிறவர்களும் உண்டு. உங்கள் கணவருக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காவடிக்கு முன்னால் பதினொன்று என்று தெரிந்திருந்தால், தேடியிருப்போம். அவ்வளவுதான் சொன்னாள். தேடியிருப்போம். அந்தச் சொல்லை அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் அவள் மேல் ஒரு கோபமாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். கார்த்திகையில் உன்னை உள்ளே கொண்டுபோனபோது நானும் சுகந்தியும் அதே மாதிரி ஒரு நடைபாதையில் இருந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. அப்போதே கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு உன் முதுகு போகிறது. அதற்குப் பிறகு நீ ரத்தம் கொடுத்தால் இருபது வரும், முப்பது வரும், காயம் என்பார்கள், ஆறட்டும் என்பார்கள், ஆறி ஒன்பதுக்கு வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். தேட வேண்டிய மாதங்கள் முழுவதையும் அந்தக் கொக்கிகள் மூடிவிடும். இதை நான் ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். எந்தப் படியில் என்ன நடக்கும் என்று ஒன்று விடாமல் சொல்லுவேன்.

போன கிழமை சுகந்தியோடு கதைத்தேன். இதில் நீ அவளைத் திட்டாதே.

"மாமி, அது நான் வைச்ச நேர்த்தி. விட்டாப் பிழை வந்திடும்" என்றாள்.

"பிள்ளை, நானும் வைச்சனான். விடாமல் செய்தனான். பிழை வந்தது."

அவள் மூக்கைச் சீறினாள். "அப்ப என்ன செய்யிறது?" என்றாள்.

"பாற்செம்பு எடுக்கட்டும். செடில் வேண்டாம். மிச்சத்துக்கு நான் முருகனோட கதைக்கிறன், எனக்கும் அவனுக்கும் பழைய கணக்குக் கிடக்கு" என்றேன். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். அவள் ஒத்துக்கொண்டாள். இனி நீதான்.

உன் டொக்டரிடம் நானே போனேன். ட்ராமில் ஏறி, மாறி, அந்த மஞ்சள் கட்டிடத்துக்கு. மேசையில் இருந்த பெண், "உங்களுக்கு டெர்மின் இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்கு இல்லை, என் மகனுக்கு வேண்டும் என்றேன். மகனே கூப்பிட வேண்டும் என்றாள். மகனுக்கு நாற்பத்தாறு வயது, கூப்பிட மாட்டான் என்றேன். உன் பிறந்த திகதியைச் சொன்னேன். காப்புறுதி அட்டை இலக்கத்தையும் சொன்னேன், பத்தையும், பார்க்காமல். அவள் கணினியில் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத் தாய்மாரும் இப்படியா?" என்றாள். ஞாபகம் இருக்கிறவர்கள் இப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன், ஜெர்மன் வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. ரத்தம், பிறகு டொக்டர். மூன்று எண்களும் உன் கையில் இருக்கும், நான்காவதை அவர்கள் எடுப்பார்கள். எல்லாவற்றையும் சொல். சளி இருந்தது, பல்லு இருந்தது, படியில் நிற்கிறாய், பங்குனியில் வராமல் விட்டாய், எல்லாம். சிகரெட்டையும் சொல். உன் சட்டையை நான் இன்னும் மணந்துதான் மடிக்கிறேன். அப்பாவுக்கு நடந்ததையும் சொல். அவர்கள் தேடி ஒன்றும் அகப்படாமல் போகலாம், ஒரு குளிசையை மாற்றிவிட்டு அனுப்பலாம், அதுவும் நடக்கும். நடக்கட்டும். எனக்கு வேண்டியது தேடினோம் என்ற சொல்.

இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை எழுதினேன். ஒன்று உனக்கு. மற்றதைக் கவரில் ஒட்டி, கோயில் திருவிழா மலர் அச்சடிக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். பழைய ஆட்களிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லி அவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "என்ன அக்கா, ஊர்க் கதையோ?" என்றார். "இல்லை அண்ணை, இஞ்சத்தைக் கதை. புதன்கிழமை பின்னேரம் வரைக்கும் திறவாதேங்கோ. நான் போன் அடிச்சால் கிழிச்சுப் போடுங்கோ, அடிக்காட்டி அச்சில போடுங்கோ" என்றேன். நீ கோபிப்பாய். உன் பெயரை நான் எழுதவில்லை, ஆனால் இந்த ஊரில் எல்லாருக்கும் விளங்கும். காவடி எடுத்த எத்தனையோ வீட்டு லாச்சிகளில் இப்படி மடித்த தாள்கள் கிடக்கும். நீ கேட்காவிட்டால் அவர்களாவது கேட்கட்டும். என் மேல் உனக்கு ஒரு கோபம் இருக்கட்டும், நாற்பது வருஷம் வைத்திரு, அப்படி வைத்திருக்க நீ இருந்தால் எனக்குப் போதும்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கே நான் அந்த மஞ்சள் கட்டிடத்தின் கீழே, கதவுக்கு இடப்பக்கம் இருக்கும் மரவாங்கில் இருப்பேன். மடியில் அப்பாவின் கவர் இருக்கும். ஒன்பது, பதினொன்று, முப்பத்திநாலு, பன்னிரண்டு, இந்த முறை எல்லாவற்றையும் நானே வாயால் சொல்லுவேன். எட்டு மணிக்கு நீ வந்தால், இதை உன்னையும் என்னையும் தவிர வேறு எவரும் வாசிக்கமாட்டார்கள். இது அச்சில் வந்து யாராவது வாசித்துக்கொண்டிருந்தால், அந்த வாங்கில் நான் தனியே இருந்துவிட்டு எழும்பி வந்தேன் என்று அவர்கள் அறியட்டும்.

அம்மா